புது வருஷத்துக்கு எதை முதல்ல மாத்துறது: தேத்தண்ணியா, ரொட்டியா, நடையா?

டிசம்பர் கடைசி வாரத்துல இருந்தே ஃபோன்ல வந்துகிட்டே இருக்கு, முப்பது நாள்ல பத்து கிலோ குறைக்கலாம், காலைல ஓட்ஸ், பகலைக்கு சாலட், ராத்திரி ஏழு மணிக்கு மேல ஒண்ணும் வாயில வைக்கக்கூடாது, விடிய அஞ்சு மணிக்கு எழும்பி நடக்கணும். நல்ல மனசோடதான் அனுப்புறாங்க. ஆனா ஹட்டன், தலவாக்கலை, அப்புத்தளை, பசறைன்னு நம்ம தேயிலைத் தோட்டப் பக்கத்துல விடிய அஞ்சு மணிக்கு நடக்கிறதுக்கு யாருக்கு நேரம் இருக்கு? அந்நேரம் அடுப்பு எரிஞ்சுகிட்டு இருக்கும், ரொட்டி சுட்டு, புள்ளைங்களுக்கு கட்டி வச்சு, வேலைக்கு பேர் கொடுக்கிற பெரட்டுக்கு ஓடணும். அந்த பிளானை அப்படியே எடுத்தா பொங்கல் வரைக்கும்கூட தாங்காது.

அதனால ஒரே ஒரு கேள்வியை எடுத்துக்குவோம். இந்த வருஷம் ஒரு பழக்கத்தைத்தான் மாத்த முடியும்னா எதை மாத்துறது? நம்ம வீடுகள்ல பேச்சுல வர்றது நாலு விஷயம்: தேத்தண்ணியில போடுற சீனி, கோதுமை மா ரொட்டி, நடை, வெத்தல. ஒவ்வொண்ணையும் நான் மூணு விதமா பாக்குறேன், காசு எவ்வளவு போகும், வீட்டுல யாரு தலையில வேலை கூடும், ஜூன் மாசத்துல மழை விடாம ஊத்துறப்பவும் அந்த பழக்கம் நிக்குமா. மூணாவதுதான் எனக்கு பெரிசு, ஏன்னா ஜனவரி வெயில்ல எல்லாருக்கும் எல்லாம் முடியும்.

முதல்ல தேத்தண்ணி. எழும்பினதும் ஒரு கப், ரொட்டியோட ஒண்ணு, பத்து மணிக்கு மலையில ஒண்ணு, சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் ஒண்ணு, ராத்திரி யாராச்சும் வந்தா அவங்களோட சேர்ந்து இன்னொண்ணு. கப்புக்கு ரெண்டு தேக்கரண்டின்னு வச்சாலும் பத்து கரண்டி, ஒரு கரண்டி நாலுல இருந்து அஞ்சு கிராம், அப்போ 40, 50 கிராம் சீனி தேத்தண்ணியில மட்டும் போயிருது. உலக சுகாதார நிறுவனம் சொல்ற கணக்கு, 2000 கலோரி சாப்பிடுற ஒருத்தர் ஒரு நாளைக்கு இப்படி சேர்த்துக்கிற சீனியை 50 கிராமுக்குள்ள வச்சுக்கணும், 25 கிராமுக்குள்ள வந்தா இன்னும் நல்லம். பிஸ்கட், பணிஸ், கடையில வாங்குற சோடா எதுவும் இதுல சேரல. டின்பால் ஊத்தி குடிக்கிறவங்களுக்கு கணக்கு இன்னும் ஏறும், அந்த டின்ல பாதிக்கு கிட்ட சீனிதான்.

நாலு பேர் இருக்கிற வீட்டுல இதே கணக்கை போட்டா மாசத்துக்கு அஞ்சு கிலோ கிட்ட சீனி தேத்தண்ணிக்கே போகுது. பாதியா குறைச்சா ரெண்டரை கிலோ காசு கையில மிஞ்சும். நாலுல இந்த மாதிரி காசு மிஞ்சுற பழக்கம் ரெண்டுதான், மத்தது வெத்தல. சமையல்ல ஒரு வேலையும் கூடாது, மழை பெய்ஞ்சாலும் ஒண்ணுதான் வெயில் அடிச்சாலும் ஒண்ணுதான்.

குறைக்கிறதுலயும் ரெண்டு வழி இருக்கு. ஒரே நாள்ல நிப்பாட்டுறது ஒண்ணு, ரெண்டு வாரத்துக்கு ஒருக்கா அரைக் கரண்டியா இறக்குறது இன்னொண்ணு. ஒரேயடியா நிப்பாட்டினவங்கள்ல நிறைய பேர் மூணாவது நாள் தலை இடிக்குதுன்னு பழையபடி ரெண்டு கரண்டிக்கே போறதை பாத்திருக்கேன், அரையரையா இறக்கினா நாக்கு தானா பழகிக்கும், மார்ச் மாசம் பழைய இனிப்புல யாராச்சும் ஊத்திக் கொடுத்தா குடிக்க முடியாம போகும். இன்னொரு வழி நம்ம பெரியவங்க கிட்டயே இருக்கு. எங்க அம்மா சாயத்தண்ணியில, அதான் பால் ஊத்தாத தேத்தண்ணியில, சீனி கலக்கவே மாட்டாங்க, உள்ளங்கையில கொஞ்சம் கொட்டி வச்சுகிட்டு நக்கி நக்கி குடிப்பாங்க, கித்துள் கருப்பட்டி கிடைச்சா விரல் நகம் அளவு ஒரு துண்டு, கடிச்சுகிட்டே ஒரு கப் முழுசா இறங்கிரும். இதுல என்ன நல்லதுன்னா எவ்வளவு தின்கிறோம்ங்கிறது கண்ணுக்கு முன்னாடி கையிலயே இருக்கு, கலக்கிட்டா தெரியாது.

கருப்பட்டிக்கு மாறிட்டா ஆபத்து இல்லன்னு நிறைய பேர் நம்புறாங்க, அது சரியில்ல. கருப்பட்டி, சர்க்கரை, தேன் எல்லாமே உடம்புக்குள்ள போனா சீனி மாதிரிதான் வேலை செய்யும், கொஞ்சம் இரும்பு, பொட்டாசியம் இருக்கலாம், நாம சாப்பிடுற அளவுல அது பெரிசா ஒண்ணும் இல்ல. சுகர் வருத்தம் உள்ளவங்க கருப்பட்டி நல்லதுன்னு ரெண்டு துண்டு கூட சாப்பிடுறதுதான் மோசம். மாத்திரை மாதிரி விக்கிற சீனிப் பதிலி இருக்கே, அதை எடை குறைக்கிறதுக்காக பாவிக்க வேணாம்னு உலக சுகாதார நிறுவனம் 2023ல சொல்லிருச்சு, ஏற்கனவே சுகர் உள்ளவங்களுக்கு அந்த ஆலோசனை பொருந்தாது, அவங்க கிளினிக்ல கேட்டு செய்யணும்.

இதுல ஒண்ணு மறக்கக்கூடாது. மலையில நாள் முழுக்க ஏறி இறங்கி கொழுந்து எடுக்கிற ஒரு பொம்பளைக்கு பத்து மணி தேத்தண்ணியில உள்ள சீனி வெறும் ருசிக்காக இல்ல, அடுத்த தடவை கொழுந்து நிறுக்கிற வரைக்கும் தாங்குறதுக்கு அதுதான் தெம்பு. அவங்க கிட்ட போய் சீனியை குறைங்கன்னு மட்டும் சொல்லிட்டு வர்றது நியாயமே இல்ல, குறைக்கிற இடத்துல ஒரு கைப்பிடி அவிச்ச கடலையோ கௌப்பியோ வாழப்பழமோ வைக்கணும். கடையில உக்காந்திருக்கிறவர், ஆஃபீஸ்ல இருக்கிறவர், த்ரீவீல் ஓட்டுறவர், டீச்சர்மாருக்கு அப்படி இல்ல, அவங்களுக்கு அந்த சீனி அப்படியே இடுப்புலதான் போய் சேரும்.

கொழுந்து எடுக்கிறவங்களுக்கு தேத்தண்ணியில சீனியை விட பெரிய விஷயம் நேரம். சாப்பாட்டோட சேர்த்து தேத்தண்ணி குடிச்சா கீரை, பருப்பு, தானியத்துல உள்ள இரும்புச்சத்தை உடம்பு சரியா எடுத்துக்காது, தேயிலையில உள்ள டானின் மாதிரி பொருள்கள் அதை பிடிச்சு வச்சுக்கும். நம்ம பொம்பளைங்களுக்கு ரத்தம் குறைவுங்கிறது தோட்டத்து வரிசை வீடுகள் இருக்கிற ஒவ்வொரு லயத்துலயும் கேக்குற பேச்சு, களைப்பு, தலைசுத்து, ஏத்தம் ஏறும்போது மூச்சு வாங்குறது. அப்படி இருக்கிறவங்க கஷ்டப்பட்டு ஒரு கீரை சமைச்சு, அதோட ஒரு கப் சாயத்தண்ணியும் குடிச்சா கீரை சாப்பிட்ட பிரயோசனம் பாதி போயிரும். சாப்பாட்டுக்கும் தேத்தண்ணிக்கும் நடுவுல ஒரு மணித்தியாலம் விட்டா போதும். மலையில தேத்தண்ணி நேரம் கொஞ்சம்தான், ரொட்டியும் அப்பதான் சாப்பிடணும்னா அங்க மாத்துறது கஷ்டம், விடுங்க, ராத்திரி சாப்பாட்டை பிடிங்க, அது வீட்டுல, நேரம் நம்ம கையில. ராத்திரி சோத்தோட சுடுதண்ணி, தேத்தண்ணி வேணும்னா வந்த உடனேயே குடிச்சிறணும்.

புள்ளத்தாச்சிமாருக்கு கிளினிக்ல கொடுக்கிற இரும்பு மாத்திரையை தேத்தண்ணியோட முழுங்குறவங்க இருக்காங்க, தயவு செய்து வேணாம், தண்ணியோட, இல்லாட்டி கொஞ்சம் தேசிக்கா புளிஞ்ச தண்ணியோட. கல்சியம் மாத்திரையும் அதே நேரத்துல போடக்கூடாது, வேற வேளைக்கு.

அடுத்தது ரொட்டி. ஒரு காலத்துல தோட்டத்துலயே அரிசியும் மாவும் கொடுத்து சம்பளத்துல கழிப்பாங்க, அந்த மாவுல இருந்து வந்த பழக்கம் இது. சீக்கிரம் செய்யலாம், மலைக்கு கட்டிக்கொண்டு போகலாம், ஆறினாலும் கெடாது, அதனாலதான் நிலைச்சு நிக்குது. இந்த ரொட்டியை விஷம் மாதிரி பேசுறவங்களோட எனக்கு ஒத்துப்போக முடியல. கோதுமை மாவுல புரதம் அரிசியை விட கொஞ்சம் கூடவே இருக்கு, வெள்ளையா தீட்டின மாங்கிறதால நார்ச்சத்துதான் போயிருச்சு. சிக்கல் ரொட்டியில இருக்கிறதை விட ரொட்டிக்கு தொட்டுக்கிறதுலதான் கூட இருக்கு. மாவுல உப்பு, சம்பல்ல உப்பு, பக்கத்துல பொரிச்ச கருவாடு இருந்தா அதுலயும் உப்பு. நாளுக்கு மொத்தமா 5 கிராம், ஒரு தேக்கரண்டி அளவு, அதுக்குள்ள உப்பு இருக்கணும்ங்கிறாங்க, நமக்கு ரெண்டு வேளையிலயே அது தாண்டிரும்.

மாத்துறதுக்கு என்ன வழி இருக்குன்னு பாத்தா ஆட்டா மா, குரக்கன், இல்ல சோத்துக்கே போயிறது. ஆட்டா சுலபம், பிசையுற விதம் பழசுதான், நார்ச்சத்து நல்லா கூடும், ஆனா எல்லா தோட்டத்து கடையிலயும் கிடைக்காது, விலையும் கூட. குரக்கன் இன்னும் நல்லது, 100 கிராமுல 300 மில்லிகிராமுக்கு மேல கல்சியம் இருக்கு, பால் வாங்க கஷ்டமான வீட்டுக்கு அது பெரிய விஷயம். குரக்கன்ல பசைத்தன்மை இல்ல, அதனால முழுசா குரக்கன்ல சுட்டா வெடிச்சு உதிரும், வீட்டுல ரெண்டாம் நாளே வேணாம்னு சொல்லிருவாங்க. பாதிக்கு பாதி கலந்து செய்ங்க. ஒரு கப் குரக்கன், ஒரு கப் கோதுமை மா, ஒரு கைப்பிடி தேங்காப்பூ, பொடியா அரிஞ்ச வெங்காயம், பச்சைக் கொச்சிக்கா, இருந்தா ஏதாவது ஒரு கீரை. நல்ல சுடுதண்ணியை கொஞ்சம் கொஞ்சமா ஊத்தி முதல்ல கரண்டியால கிண்டி, கை தாங்குற சூடு வந்ததும் பிசைஞ்சு, ஒரு கால் மணித்தியாலம் மூடி வச்சுட்டு தட்டினா ஓரம் வெடிக்காம வரும். பச்சைத்தண்ணியில பிசைஞ்சா சரி வராது. கல்லுல கொஞ்சம் கூட நேரம் மெதுவான நெருப்புல விடணும்.

வெள்ளை அரிசியில இருந்து சிவப்பு நாட்டரிசிக்கு மாறுறதும் நல்லதுதான், ஆனா தட்டுல குவியல் அதே குவியலா இருந்தா பெரிய வித்தியாசம் வராது.

இதெல்லாத்தையும் விட நான் மேல வைக்கிறது, ரொட்டியை அப்படியே விட்டுட்டு பக்கத்துல ஒண்ணை கூட்டுறது. சம்பல் மட்டும் இருந்த இடத்துல கொஞ்சம் கெட்டியா பருப்பு, இல்லாட்டி முட்டை, இல்லாட்டி உப்பு போக ஊற வச்சு கழுவின நெத்தலி. கீரைக்கு காசு வேணும்னு நினைக்கிறோம், ஆனா நுவரெலியா, வெலிமடை பக்கத்துல இருந்து வர்ற நோக்கோல், பீட்ரூட், ராபு எல்லாத்தோட இலையையும் வெட்டி வீசிட்டு காயை மட்டும் கொண்டு வர்றோம். அந்த இலையை வாங்கி நல்லா ரெண்டு மூணு தண்ணியில கழுவி, மருந்து அடிச்ச மரக்கறிங்கிறதால இதுல சோம்பல் படக்கூடாது, பொடியா அரிஞ்சு, தேங்காப்பூ, மஞ்சள், கொஞ்சம் உப்பு போட்டு ரெண்டு மூணு நிமிஷம் பெரட்டி இறக்கினா சுண்டல் ரெடி. தேசிக்காயை அடுப்புல இருந்து இறக்கின பிறகு புளியணும், சூட்டுல விட்டமின் சி போயிரும், அந்த விட்டமின் சிதான் கீரையில உள்ள இரும்பை உடம்புல சேர்க்குது. வேலியில படர்ந்திருக்கிற சவ்சவ் கொழுந்துக்கும் இதே கைப்பக்குவம்தான். ஒரு நாளைக்கு மரக்கறியும் பழமும் சேர்த்து 400 கிராம் சாப்பிடணும்னு சொல்றாங்க, கரட்டும் லீக்ஸும் கோவாவும் விளையுற மண்ணுல இருந்துகிட்டு அதுல கால்வாசி கூட நம்ம தட்டுக்கு வராம லொறியில கொழும்புக்கு போறது எனக்கு எப்பவும் மனசுக்கு கஷ்டமா இருக்கு.

ஆனா இந்த வழியில வேலை கூடும், அதை மறைக்கக்கூடாது. அந்த வேலை அம்மாமார் தலையிலதான் விழும். விடியிறதுக்கு முன்னமே எழும்பி நிக்கிறவங்க கிட்ட இன்னும் ஒரு கறி கேக்குறதுக்கு முன்னாடி ராத்திரியே கீரை ஆய்ஞ்சு வைக்க, கடலை ஊறப்போட வீட்டுல மத்தவங்க கை வைக்கணும். இல்லாட்டி பிப்ரவரியில நின்னுரும்.

நடையை பத்தி சுருக்கமாவே சொல்லிறலாம். வாரத்துக்கு 150 நிமிஷமாவது வேகமா நடக்கணும்ங்கிறது பொதுவான ஆலோசனை. கூடையோட மலை ஏறுற ஒருத்தருக்கு அதை சொல்ல தேவையே இல்ல, அவங்களுக்கு வேண்டியது ஓய்வும் முதுகு வலிக்கு கவனிப்பும். உக்காந்து வேலை செய்றவங்களுக்கு மட்டும்தான் இந்த ஒப்பீடு. விடிய நடக்கலாம்னா பனி, குளிர், நாய், சில தோட்டங்கள்ல சிறுத்தை நடமாட்டம், பொம்பளைங்க தனியா போறதுக்கு இருட்டு. டவுன்ல ஜிம் இருக்கு, மாசக் காசும் பஸ் காசும் சேர்த்து பாக்கணும். என் அண்ணன் த்ரீவீல் ஓட்டுறவர், நாள் முழுக்க உக்காந்தே இருக்கிறவர், அவருக்கு சரிப்பட்டு வந்தது ஒண்ணுதான், ராத்திரி சாப்பிட்டதும் பத்து பதினஞ்சு நிமிஷம் லயத்து முத்தத்துலயும் ரோட்டுலயும் நடக்கிறது, மழைன்னா வராந்தாவுல. சாப்பாட்டுக்கு பிறகு நடக்கிறது ரத்தத்துல சீனி ஏறுறதை குறைக்கும், அதனால இந்த பத்து நிமிஷம் கெட்ட பேரம் இல்ல. பஸ்ல ஒரு ஹோல்ட் முன்னாடியே இறங்கி நடக்கிறதும் சரிதான். இளம் பொடியன்மார் சாயங்காலம் கிரவுண்டுல வொலிபோல் விளையாடினா அவங்களுக்கு தனியா ஒண்ணும் வேணாம்.

வெத்தல, பொயில, சாராயம். இதை மத்ததோட பக்கத்துல வச்சு எது நல்லம்னு பாக்குறதே எனக்கு சரியா படல. பொயில இல்லாம பாக்கு தனியாவே புத்துநோயை கொண்டு வரும்ங்கிறது உலகளவுல உறுதியான விஷயம், பொயில சேர்ந்தா இன்னும் மோசம், நம்ம நாட்டு ஆம்பளைங்களுக்கு வர்ற புத்துநோய்ல முதல் இடம் வாய்ப் புத்துநோய்க்குத்தான். குளிருக்கு வெத்தல வேணும்னு சொல்றாங்க, பசியை அடக்கும்னு சொல்றாங்க, மலையில அட்டைக்கு துப்புறதுக்குன்னும் சொல்றாங்க. காரணம் எல்லாம் உண்மைதான், ஆனாலும் போடுறவங்க இந்த வருஷம் ஒரே ஒண்ணை மாத்துறதா இருந்தா அது வெத்தலதான், சீனியும் ரொட்டியும் பிறகு பாத்துக்கலாம். முதல்ல பொயிலையை எடுங்க, பிறகு பாக்கை. வாய்க்குள்ள வெள்ளையா சிவப்பா திட்டு, ஆறாத புண், வாய் முழுசா திறக்க முடியாத மாதிரி இருந்தா பாத்துகிட்டே இருக்க வேணாம், பல்லு டாக்டர் கிட்ட உடனே காட்டணும். சம்பளத்தன்னைக்கு போத்தல் வாங்குறவங்களுக்கும் இதேதான், அந்த காசு தட்டுக்கு வந்தா முட்டையும் பருப்பும் மாசம் முழுக்க காணும்.

வெத்தல போடாதவங்களுக்கு என் முடிவு தேத்தண்ணி. ரொட்டிக்கு பக்கத்துல கறி கூட்டுறது உடம்புக்கு அதை விட பெரிய நன்மை தரும்னு எனக்கு தெரியும், ஆனா அதுக்கு காசு, நேரம், இன்னொருத்தர் கை எல்லாம் வேணும். தேத்தண்ணி அப்படி இல்ல, நம்ம கப்பு நம்ம கையில, உக்காந்து வேலை செய்றவங்க சீனியை இறக்கணும், மலைக்கு போறவங்க நேரத்தை தள்ளணும், ரெண்டு பேருக்கும் ஒரே கேத்தல்ல இருந்து வேற வேற பலன். அது ஒரு மூணு மாசம் நிலைச்சிட்டா, சீனியில மிஞ்சின காசை அப்படியே பருப்புக்கும் கடலைக்கும் திருப்புங்க.

எப்ப ஆரம்பிக்கிறதுங்கிறதும் ஒரு தெரிவுதான். ஜனவரி முதலாம் திகதி வீட்டுல இன்னும் கேக்கும் பலகாரமும் இருக்கும், ஸ்கூல் செலவும் தலைக்கு மேல. சித்திரை வருஷத்துக்கு தள்ளி வச்சா அன்னைக்கும் பலகாரம்தான். எனக்கு படுறது, பொங்கலுக்கு முன்னாடி சம்பளம் வந்து சாமான் வாங்க போறோமே அந்த நாள். கடைப் பையில என்ன வருதோ அதைத்தான் மாசம் முழுக்க சாப்பிடப்போறோம், சீனி ஒரு கிலோ குறையட்டும், கௌப்பி ஒரு கிலோ கூடட்டும். வீட்டுல ஒருத்தருக்கு மட்டும் தனியா செய்யாதீங்க, அப்பாவுக்கு சுகர்னு அவருக்கு தனி சட்டி, மத்தவங்களுக்கு வேற சட்டின்னு வச்சா சமைக்கிறவங்களுக்கும் ரெட்டை வேலை, அவருக்கும் தண்டனை மாதிரி.

ஆரம்பிக்க முன்ன ஒரு தடவை இடுப்பை அளந்து எழுதி வைங்க, தெற்காசியக்காரங்களுக்கு ஆம்பளைக்கு 90 சென்டிமீட்டர், பொம்பளைக்கு 80 தாண்டினா கவனிக்கணும், தராசை விட தையல் நாடா நம்பலாம். 35 வயசு தாண்டினவங்க பக்கத்து அரசாங்க ஆஸ்பத்திரியில ஹெல்தி லைஃப்ஸ்டைல் சென்டர் எந்த நாள்னு கேட்டு போங்க, சுகர், பிரஷர் எல்லாம் காசில்லாம பாப்பாங்க. ஏற்கனவே சுகருக்கு மாத்திரையோ ஊசியோ எடுக்கிறவங்க மட்டும் சாப்பாட்டை திடீர்னு குறைக்கக்கூடாது, சீனி ரொம்ப இறங்கி மயக்கம் வரும், கிளினிக் கொப்பியை எடுத்துகிட்டு போய் என்ன மாத்தப்போறீங்கன்னு டாக்டர் கிட்ட சொல்லிட்டு அடுத்த நாள்ல இருந்து ஆரம்பிங்க.